கட்டிளமை உள்ளமும் ஆற்றுப்படுத்தும் முறைகளும்

பாட்டியல் நூலார் பெண்மக்களின் பருவங்களை ஏழாக வகுத்தபோது, 12, 13 வயதினளை மங்கை என்றும், 14 முதல் 19 வரையினளை மடந்தை என்றும் பெயரிட்டனர். ஆண்மக்களுக்கும் மீளி, மறவோன், காளை, விடலை எனப் பருவப் பெயர்கள் உண்டு. இக்காலத்து உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையுள்ள காலத்தைக் கட்டிளமைப் பருவமெனக் கொள்ளும். முன்னையோர் இப்பருவத்தின் எழிலை உலாவிற் பாடினர். அதன் துன்பத்தை அகத்திணையிற் பாடினர். இவ்விரண்டனுள் பின்னதே ஈண்டு நமக்கு வேண்டுவது. வாழ்நாளில் தோன்றும் உளப்பிணிகளுட் பாதியளவு 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டுகின்றன என்றும், அவற்றுட் பெரும்பாலானவை கண்டறியப்படாமலே போகின்றன என்றும் அந்நிறுவனம் கூறும். அவ்வாறாயின், அவை முதன்முதலில் தலைகாட்டும் இடம் வைத்தியசாலை அன்று; வகுப்பறையே. பாடசாலை மலரொன்றில் இப்பொருள் பற்றி எழுதத் துணிந்தமைக்கு இதுவே காரணம்.

இத்துறைக்கு வழங்கும் சொற்கள் பல. நோயாக முதிர்ந்த துன்பத்தை முறைப்படி பேச்சினாற் குணப்படுத்துதல் உளச்சிகிச்சை எனப்படும். அத்துணை முதிராத துன்பத்துக்குத் துணைநிற்றலை உளவளத்துணை என்பர்; யாழ்ப்பாணத்துக் கல்வியியலார் சீர்மியம் என்றும் வழங்குவர். ஆற்றுப்படுத்தல் என்ற சொல்லும் நம் நாட்டில் உண்டு. தமிழாசிரியர் என்ற முறையில் எமக்கு இச்சொல்லின்மீது தனி விருப்பம். ஆறு என்பது வழி. ஆற்றுதல் என்பது தணித்தல். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிர்வருவானுக்குத் தான் சென்று வந்த வழியைச் சொல்லுவான்; அவனைத் தூக்கிக்கொண்டு போகான். நடப்பவன் அவனே. இக்காலத்து உளச்சிகிச்சையாளர் தம் தொழிலை விளக்கும்போதும் ஏறத்தாழ இதனையே சொல்லுகின்றனர்.

மாத்தளை மாவட்டத்துச் சூழலைச் சிறிது நோக்குவோம். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்துவந்த தொழிலாளர் மலைநாட்டுட் புகுந்த வாயில் மாத்தளை. 1880ஆம் ஆண்டில் இருப்புப்பாதை இந்நகரை அடைந்தது. அந்நடையின் வழித்தோன்றல்களே எல்கடுவை, இரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இன்றும் நம் பாடசாலைகளுக்கு வருகின்றனர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் குடும்பங்களைக் கடலின் இருபுறமும் பிரித்து வைத்த கதையைப் பாட்டன்மார் அறிவர். பேரப்பிள்ளைகள் அறிந்த பிரிவு வேறு. தாய் மேற்காசிய நாடொன்றில் வீட்டுப்பணி, தந்தை கொழும்பில் கடைவேலை, பிள்ளை பாட்டியிடம். லயத்துக் காம்பிராவில் ஒரு சுவருக்கு அப்பால் இருப்பவர் இருமினாலும் இப்பாற் கேட்கும். அவ்விடத்தில் 15 வயதுப் பிள்ளை தன் மனத்தில் உள்ளதை எவரிடம், எங்கே நின்று சொல்லும்?

பேச்சினாற் பிணி தீர்க்கும் முறைக்கு வித்திட்ட வியன்னா நகரத்துச் சிக்மண்ட் பிராய்டிடம் 1900ஆம் ஆண்டில் 18 வயதுப் பெண்ணொருத்தியைத் தந்தை அழைத்து வந்தார். பிராய்டு அவளைத் தம் நூலில் டோரா என்னும் புனைபெயராற் குறித்தார். தந்தையின் நண்பர் தன்னிடம் முறைகேடாக நடந்தார் என்று அவள் சொன்னாள், வீட்டார் நம்பவில்லை. பிராய்டு நம்பினார், ஆயினும் அவளது வெறுப்புக்கு அடியில் மறைந்த விருப்பம் உண்டென்று பொருள் கூறத் தலைப்பட்டார். 11 வாரங்களில், அவ்வாண்டின் இறுதி நாளில், அவள் விடைபெற்றுச் சென்றுவிட்டாள். அக்கதையை 1905இல் வெளியிட்ட பிராய்டே தம் சிகிச்சை இடைமுறிந்ததன் காரணத்தை அதில் ஆராய்ந்தார். எமக்கு அதில் முதன்மையாகத் தோன்றுவது, அவள் தானாக வரவில்லை என்பதே. கட்டிளைஞர் பெரும்பாலும் தாமாக வருவதில்லை, கொண்டுவரப்படுகின்றனர். கொண்டுவந்தவரின் முறைப்பாட்டை முதலிற் கேட்டு, வந்தவரின் முறைப்பாட்டை இரண்டாவதாகக் கேட்கும் இடத்தில் எந்த முறையும் பலிப்பதில்லை.

அதே நகரத்தில் இப்பருவத்தினரை நன்கு புரிந்துகொண்ட இருவர் ஆசிரியத் தொழிலிலிருந்து வந்தவர் என்பதைச் சற்றுப் பெருமையோடு குறிப்பிடுகின்றோம். ஒருவர் பிராய்டின் மகள் அன்னா. மற்றவர் ஓகஸ்ற் ஐக்ஹோர்ன். முதலாம் உலகப்போர் முடிந்த காலத்தில் நெறிதவறிய சிறுவருக்கான இல்லமொன்றை நடத்திய இவர், மிக மூர்க்கமான பையன்களை ஒரு குழுவாகச் சேர்த்து, அவர்கள் தளபாடங்களை உடைத்தபோதும் தண்டிக்காமல் அன்பாகவே நடத்தச் செய்தார். காலப்போக்கிற் கோபம் வடிந்து, பையன்கள் அழுது, பின் அடங்கினர். 1925இல் வெளியான அவரது நூல் இதனை விரிக்கும். கதிரை மேசைக்குக் கணக்குக் காட்டவேண்டிய நம் அதிபர்கள் இம்முறையை அப்படியே கைக்கொள்ளல் அரிது என்பதை யாம் அறிவோம். ஆயினும் தண்டனையும் ஆற்றுப்படுத்தலும் ஒரு கையில் இருக்கமுடியாது என்ற அவரது கருத்து இன்றும் நிலைத்து நிற்கின்றது. நம் கல்வி அமைச்சின் 2005ஆம் ஆண்டு 17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடைசெய்தது. காலையிற் பிரம்பெடுத்தவரிடம் மாலையில் மனந்திறக்கும் மாணவனை யாம் கண்டதில்லை.

இனி அகத்திணைக்கு வருவோம். களவொழுக்கத்தில் தலைவி மெலிகின்றாள், உண்ணாள், உறங்காள், கேட்டாற் சொல்லாள். தாய் அஞ்சிக் கட்டுவிச்சியை அழைக்கின்றாள். வேலனைக் கூவி, மறியறுத்து, வெறியாட்டு எடுக்கின்றாள். முருகு அணங்கியது என்கின்றான் வேலன். உண்மை நோய் யாதென அறிந்தவள் ஒருத்தியே; அவள் தோழி. இந்நிகழ்ச்சியை மாணவருக்குப் பல்லாண்டாகக் கற்பித்துவரும் நாம், அது நம் ஊரிலும் நிகழ்வதை மறந்துவிடுகின்றோம். பாடத்திற் கவனமற்று, தலைவலி, வயிற்றுவலி, நெஞ்சடைப்பு என்று வாரந்தோறும் வீடு செல்லும் பிள்ளைக்குக் கயிறு கட்டுவோரும் உளர். சோம்பல் என்று ஏசுவோரும் உளர். மருத்துவரிடம் காட்டி, உடலில் நோயில்லை என்று கேட்டவுடன், நடிப்பு என்று முடிவுகட்டுவோரும் உளர். உடலில் நோயில்லை என்பதும் நோயே இல்லை என்பதும் ஒன்றல்ல. நம் மக்கள் மனத்துன்பத்தை உடலின் மொழியிலேயே சொல்லுகின்றனர். "மனசு கனமா இருக்கு", "ஒரு மாதிரியா வருது" என்று தோட்டத்துப் பிள்ளை சொல்லும்போது, அதனைச் செந்தமிழாகத் திருத்தவேண்டிய நேரம் அதுவன்று. எம்போன்ற தமிழாசிரியர் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளல் நன்று.

தோழி செய்தது யாது? முதலிற் கேட்டாள். கேட்டதை வெளியிடாது காத்தாள். ஆனால் என்றென்றும் காத்தாளல்லள். வெறியாட்டு நிகழும்போதோ, நொதுமலர் மணம்பேசி வரும்போதோ, இனிப் பொறுத்தால் தலைவியின் உயிருக்கே ஊறு என்னும் நிலையில், அறத்தொடு நின்றாள். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தமையன்மார்க்கும் என ஒரு முறைவைப்பில் அவ்வுண்மை சென்றது. தலைவியின் பெயர் கெடாவண்ணமும், கேட்போர் சினங்கொள்ளாவண்ணமும் சொற்கள் தெரிந்தெடுக்கப்பட்டன.

இரகசியம் காத்தலைப் பற்றி இக்காலத்து உளச்சிகிச்சை நூல்கள் கூறும் நெறி இதனின்று வேறன்று. முதற் சந்திப்பிலேயே பிள்ளைக்கு எல்லையைச் சொல்லிவிடல் வேண்டும். "நீ சொல்வது என்னோடு இருக்கும், ஆனால் உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், எவரேனும் உனக்குத் தீங்கு செய்கின்றார் என்றாலும், உதவக்கூடியவருக்கு நான் சொல்லவேண்டி வரும், சொல்லுமுன் உனக்குச் சொல்வேன்." எல்லையை மறைத்து, ஒருவருக்கும் சொல்லேன் என்று சத்தியம் செய்து, பின் ஆசிரியர் ஓய்வறையில் அதனைத் தேநீரோடு பரிமாறுவது இதற்கு நேர்மாறானது. அத்தகைய ஓய்வறைப் பேச்சுக்களை யாம் கேட்டதுண்டு. ஒரு பிள்ளையின் செய்தி வெளிப்பட்டால், அதனாற் பிற பிள்ளைகள் அனைவரும் வாய் மூடிவிடுவர்.

முறைகளைப் பற்றி ஆய்வுகள் கூறுவன யாவை? அமெரிக்க அறிஞர் யோன் வைஸ் என்பாரும் உடனாய்வாளரும் 2017இல் ஐம்பதாண்டுக் கால ஆய்வுகள் 447ஐ ஒருங்கே திரட்டி நோக்கினர். அவற்றிற் பங்குகொண்ட இளையோர் 30,000க்கு மேற்பட்டோர். சிகிச்சை பெற்ற ஒருவர் பெறாத ஒருவரிலும் நன்னிலையில் இருக்கும் வாய்ப்பு 63 வீதம் என்பது அவர்கள் கண்ட முடிபு. அச்சம், பதகளிப்பு ஆகியவற்றிற் பயன் மிகுதி, மனச்சோர்விற் குறைவு, பல துன்பங்கள் ஒருங்கே பிணைந்தவிடத்து இன்னும் குறைவு. இஃது அற்புதமன்று. ஆனால் கயிற்றிலும் ஏச்சிலும் மேலானது.

பதகளிப்புக்குச் சிறந்ததெனக் கண்டது அறிகை நடத்தைச் சிகிச்சை. 1960களில் அமெரிக்க மருத்துவர் அரன் பெக் வகுத்த அடிப்படையில் வளர்ந்தது இது. நாம் துன்புறுவது நிகழ்ச்சியினால் மட்டுமன்று, அதற்கு நாம் கொடுக்கும் பொருளினாலும் என்பது இதன் அடிப்படை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் மாணவனொருவனை எண்ணிக்கொள்வோம். திங்கட்கிழமை முதற்பாடம் கணிதம். திங்கட்கிழமைதோறும் அவனுக்கு வயிற்றுவலி. வீட்டில் நின்றுவிட்டால் வலி தணிகின்றது. தணிந்த அந்த ஆறுதலே அடுத்த திங்களின் வலிக்கு உரமாகின்றது. இவ்வட்டத்தை அவனுக்கே தாளில் வரைந்து காட்டுவது முதற்படி. "நான் எழும்பிக் கணக்குச் செய்தால் எல்லாரும் சிரிப்பர்" என்ற எண்ணத்தைப் பொய் என்று மறுக்காமல், சோதித்துப் பார்ப்போம் என்று கூறுவது அடுத்தது. பின்னர், முதல்வாரம் வகுப்பில் இருந்தால் மட்டும் போதும், அடுத்த வாரம் ஆசிரியரிடம் தனியே ஒரு வினா, அதற்கடுத்து அருகிலிருப்பவனோடு ஒரு கணக்கு, இறுதியிற் கரும்பலகை. அஞ்சியதைச் சிறுசிறு படியாக எதிர்கொள்ளும் இப்பயிற்சியே மருந்தின் சாரம். அறிவுரை அன்று. பயப்படாதே என்று நூறுமுறை சொல்வதைக் காட்டிலும், பயத்தோடே ஒருமுறை செய்யத் துணைநிற்பது மேல்.

மனச்சோர்வு வேறு வகையானது. 2004இல் அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுடைய 439 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வாரங்களுக்குப் பின், மருந்தும் அறிகை நடத்தைச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றோருள் 71 வீதத்தினர் தேறினர். மருந்து மட்டும் பெற்றோருள் 61. பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றோருள் 43. வெற்று மாத்திரை பெற்றோருள் 35. ஆகவே கடுஞ்சோர்வுற்ற பிள்ளையை மருத்துவரிடம் அனுப்பாமற் பேச்சினாலேயே மீட்போம் என்பது தகாது. 2017இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு மற்றொன்றை உணர்த்தியது. மனச்சோர்வுற்ற இளையோர் ஏறத்தாழ 470 பேரை மூன்றாகப் பகுத்து, ஒரு பகுதிக்கு அறிகை நடத்தைச் சிகிச்சையும், ஒரு பகுதிக்குப் பிராய்டின் வழிவந்த குறுங்கால உளப்பகுப்பும், ஒரு பகுதிக்கு நோயை விளக்கி, நாளொழுங்கைச் சீராக்கி, நண்பரோடும் விருப்பமான செயலோடும் மீள இணைக்கும் எளிய துணையும் அளித்தனர். மூன்றும் ஏறத்தாழ ஒத்த பயனையே தந்தன. கொள்கைவாதம் புரியும் அறிஞர்க்கு இது சிறிது ஏமாற்றமாயிருக்கலாம்; எமக்கோ மகிழ்ச்சி. எளிய முறையை ஒழுங்காகச் செய்தால் அதுவும் பலிக்கும் என்றாகின்றதன்றோ?

அயல்நாடாகிய இந்தியாவில் டில்லி அரசாங்கப் பாடசாலைகளில் நிகழ்ந்து, 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வு நமக்கு இன்னும் அணித்து. அங்கே 251 மாணவர் பங்குகொண்டனர். உளவியற் பட்டம் பெறாத, ஆனால் பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற துணையாளர், மூன்று வாரங்களில் நாலைந்து சந்திப்புக்களிற் பிரச்சினை தீர்க்கும் முறையைக் கற்பித்தனர். உன் துன்பம் யாது என்று மாணவரே பெயரிடல். செய்யக்கூடியவை யாவை என்று பல வழிகளை எண்ணல். ஒன்றைத் தெரிந்து செய்து பார்த்தல். மற்றொரு பகுதியினருக்கு இவற்றைக் கூறும் சிறு நூல்கள் மட்டும் கொடுக்கப்பட்டன. துணையாளரைச் சந்தித்தவர்க்குத் தாம் பெயரிட்ட துன்பம் கூடுதலாகத் தணிந்தது. பொதுவான நோய்க்குறிகளில் ஆறு வாரத்தில் வேறுபாடு தெளிவாக இல்லை. நூல் மட்டும் போதாது, ஆள் வேண்டும் என்பது அதன் ஒரு பொருள். அந்த ஆள் பெரிய பட்டதாரியாக இருக்கவேண்டியதில்லை என்பது மற்றொன்று.

நம் நாட்டின் அனுபவமும் குறைந்ததன்று. போர் நிகழ்ந்த காலத்தில், 1996இல், மட்டக்களப்பில் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடக்கினர். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒருங்கே வந்து களிமண், வண்ணம், கதை, கூத்து, விலங்குகள் ஆகியவற்றோடு காலங்கழித்தனர். நேரே கேட்டாற் சொல்லமுடியாததைக் கைகள் சொல்லின. யாழ்ப்பாணத்திற் பேராசிரியர் தயா சோமசுந்தரம், மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு என்பவற்றோடு அவரவர் சமயத்து மந்திர உச்சரிப்பையும் ஆறுதல் தரும் முறையாகப் பயன்படுத்தினார். 2004ஆம் ஆண்டு டிசெம்பரில் ஆழிப்பேரலை வந்தபின், வடகிழக்குக் கரையில் 8 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 31 பேருக்குப் பயிற்சி பெற்ற உள்ளூர்த் துணையாளர் ஆறு சந்திப்புக்கள் வீதம் சிகிச்சை அளித்தனர். ஒரு பகுதியினர் தம் வாழ்க்கைக் கதையைப் பிறப்பிலிருந்து தொடங்கி, கொடிய நிகழ்ச்சிகளையும் அவற்றுக்குரிய இடத்தில் வைத்து, முழுமையாகச் சொல்லிமுடித்தனர். மறுபகுதியினர் தியானமும் தளர்வும் பயின்றனர். ஆறு மாதங்களின்பின் முதற் பகுதியினருள் 81 வீதத்தினரும் இரண்டாம் பகுதியினருள் 71 வீதத்தினரும் தேறியிருந்தனர். தொகை சிறிது, ஆயினும் நம் மண்ணில், நம் மொழியில், நம்மவர் கையால் நிகழ்ந்தது.

2012இல் வெளியான மற்றோர் ஆய்வை எச்சரிக்கையாகக் கூறவேண்டும். வடக்கில் 9 முதல் 12 வயதுடைய 399 பிள்ளைகளிடம் பாடசாலையிலேயே குழுவாக 15 அமர்வுகள் நடத்தப்பட்டன. ஆண்பிள்ளைகளுக்கும் வயதிற் குறைந்தோர்க்கும் நன்மை கிட்டியது. பெண்பிள்ளைகளின் அதிர்ச்சிக் குறிகளோ, அமர்வுக்கு வராது காத்திருந்த பெண்பிள்ளைகளினுடையவற்றிலும் குறைவாகவே தணிந்தன. நல்லெண்ணத்தோடு செய்வதெல்லாம் எல்லார்க்கும் நன்றாவதில்லை. மாத்தளையிலே மண்சரிவோ வெள்ளமோ நேர்ந்த மறுநாள் பிள்ளைகளை வரிசையாக இருத்தி, கண்டதைச் சொல், அழு என்று கட்டாயப்படுத்தும் பழக்கம் பயனற்றது என்பதும் ஆய்வுகளால் தெளிந்த செய்தி. அந்நேரத்தில் வேண்டுவன உணவு, உடை, உறவினர் செய்தி, வழமையான நாளொழுங்கு, பேச விரும்பினாற் கேட்க ஒரு செவி.

குடும்பத்தை விட்டுப் பிள்ளையை மட்டும் நோக்கும் முறை நம்மிடையே நெடுந்தூரம் செல்லாது. தாய் வெளிநாட்டிலிருப்பின் பாட்டியாவது ஒருமுறை வரவேண்டும். தாயோடு தொலைபேசியிற் காசுக்கணக்கும் பரீட்சைப் புள்ளியும் மட்டுமன்றி வேறு பேச்சும் நிகழ வழி செய்யவேண்டும். தந்தையின் குடியே பிள்ளையின் நோய்க்குக் காரணமாயின், பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி கற்பித்து வீட்டுக்கு அனுப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதாகும்.

தற்கொலை என்ற சொல்லை நாம் உரக்கச் சொல்ல அஞ்சுகின்றோம். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் நூறாயிரம் பேருக்கு ஏறத்தாழ 47 என்ற நிலையில் இருந்த இத்துயரம், இருபதாண்டுக்குள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. கொடிய பூச்சிகொல்லிகளை 1984 முதல் அரசாங்கம் படிப்படியாகத் தடைசெய்தமையே இதற்குத் தலையாய காரணம் என்பர். தணியாத துன்பத்திலும் ஒரு பொழுதைக் கடந்துவிட்டால் உயிர் தப்புகின்றது. சென்னையில் 1986இல் வைத்தியர் இலட்சுமி விஜயகுமார் தொடக்கிய சினேகா நிறுவனம் பரீட்சை முடிவுக் காலங்களில் மாணவருக்குச் செவிகொடுத்து வருகின்றது. தவறிய பாடத்துக்கு அவ்வாண்டே மறுபரீட்சை எழுதும் வாய்ப்பு வந்தமை தமிழகத்தில் அத்துயரைக் குறைத்தது என்பது அவர் கருத்து. சாவதைப் பற்றி எண்ணுகின்றாயா என்று நேரே கேட்டால் அவ்வெண்ணம் விதைக்கப்பட்டுவிடும் என்பது தவறான அச்சம். கேட்பது சுமையை இறக்கும். கேட்டு, ஆம் என்று விடை வந்தால், அன்று அப்பிள்ளையைத் தனியே விடலாகாது. வீட்டில் நச்சு மருந்து எதுவும் எட்டும் இடத்தில் இருக்கலாகாது. அன்றே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண்ணும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற எண்ணும் வகுப்பறைச் சுவரில், பிள்ளைகள் தனியே நின்று படிக்கக்கூடிய இடத்தில் இருத்தல் வேண்டும். 1974 முதல் இயங்கும் சுமித்திரயோ அமைப்பின் தொண்டர்களும் செவிகொடுப்பர். வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அனுப்பும்போது, துண்டெழுதிக் கையிற் கொடுத்து அனுப்புவது போதாது. முதன்முறை ஒருவர் உடன் செல்லவேண்டும். தமிழிற் பேசக்கூடியவர் யார், எந்நாளில் இருப்பார் என்று முன்னரே கேட்டு வைக்கவேண்டும். திரும்பி வந்த பிள்ளையிடம் அங்கே என்ன கேட்டார்கள் என்று விசாரிக்கவேண்டா. சாப்பிட்டாயா என்றும், அடுத்த தவணை எப்போது என்றும் கேட்டு, அத்திகதியை நம் நாட்குறிப்பிற் குறித்துக்கொண்டாற் போதும்.